சுவத்துல ஓடுன வெளிச்சப் புள்ளி: கணக்கு விஞ்ஞானி நோர்பர்ட் வீனர் மனசு மாறுனது பத்தி ஒரு நிகழ்வு ஆய்வு

இலங்கை மலையகத்துல, ஹட்டன் டவுன்ல ஒரு கடைக்கு மேல இருக்குற சின்ன ரூம்ல சனிக்கிழமைகள்ல நான் ரோபோ கிளாஸ் நடத்துறேன். பத்துப் பன்னண்டு புள்ளைங்க வருவாங்க, எல்லாருமே டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவ பக்கத்து தேயிலத் தோட்டத்துப் புள்ளைங்க, ஏ.எல். எழுதிட்டு கெம்பஸுக்குக் காத்திருக்கிறவங்க, சிலபேர் டிப்ளோமா படிக்கிறவங்க. மோட்டர், சென்சர், கோட் இதோட நாங்க நிக்கிறதில்ல, மூணு மாசத்துக்கு ஒருக்கா ஒரு விஞ்ஞானி தன்னோட வாழ்க்கையில எடுத்த ஒரு முடிவ எடுத்து வச்சி, அவரு ஏன் அப்படி செஞ்சாரு, செஞ்சது சரியா, நாம அந்த எடத்துல இருந்தா என்ன செஞ்சிருப்போம்னு பிரிச்சிப் பேசுவோம். இந்தத் தடவ எடுத்தது நோர்பர்ட் வீனர். எழுதி வைங்க சேர்னு புள்ளைங்க கேட்டாங்க, அதான் எழுதுறேன், நீளமாத்தான் வரும்.

மொதல்ல ஒரு சோதனை செஞ்சோம். சுவத்துல நான் லேசர் லைட்ட அடிச்சி புள்ளிய அங்கிட்டும் இங்கிட்டும் ஓட்டுவேன், இன்னொரு சிவப்புப் புள்ளி சின்ன நீல சேர்வோ மோட்டர்ல பூட்டியிருக்கு, அத ஒரு நொப்ப, கையால திருகுற குமிழ, திருப்பி என்னோட புள்ளி மேல கொண்டாந்து வைக்கணும், ஆனா கோட்ல வேணும்னே அர செக்கன் தாமதம் போட்டு வச்சிருந்தேன். அவ்வளவுதான். ஒரு தங்கச்சி வந்து நொப்பப் பிடிச்சா, புள்ளி அசையல, இன்னும் கொஞ்சம் திருப்புனா, திடீர்னு தாண்டிப் போயிருச்சு, பதறிப்போய் திருப்பித் திருப்பி இழுத்தா, இந்தப் பக்கமும் தாண்டிருச்சு, கடைசியில புள்ளி சுவர் முழுக்க ஆடுது, அவ கையும் ஆடுது. "எங்க அம்மாயி தேத்தண்ணி கோப்பய எடுக்கப் போறப்ப கை இப்படித்தான் சேர் ஆடும்"னு ஒருத்தன் சொன்னான். அவன் சும்மா வாயில வந்தத சொன்னான், ஆனா 1942, 43ல வீனர் கேட்ட கேள்வியே அதுதான்.

போர்ல பொறந்த கணக்கு

1940. லண்டன் மேல ஜெர்மன்காரங்க ராத்திரி ராத்திரியா குண்டு போட்டுக்கிட்டு இருந்த நேரம். வீனர் அமெரிக்காவுல எம்.ஐ.டி.ங்குற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துல கணக்குப் பேராசிரியர், 1894ல பொறந்தவரு, பதினெட்டு வயசுல ஹாவார்ட்ல டொக்டர் பட்டம் வாங்குன ஆளு, யூதக் குடும்பம். 1930கள்ல ஹிட்லர்கிட்ட இருந்து தப்பி வந்த விஞ்ஞானிகளுக்கு வேல தேடிக் கொடுக்க ஓடித் திரிஞ்சவரு. அதனால போர் வேலைக்கு அவர யாரும் கையப் பிடிச்சி இழுக்கல, அவராத்தான் நான் வர்றேன்னு போனாரு. இத நான் அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, பின்னாடி அவரு எடுத்த முடிவப் பாத்துட்டு இவரு ஆரம்பத்துல இருந்தே சண்டைய வெறுத்த சாமியாருன்னு நெனச்சிரக் கூடாது. முதல் உலகப் போர்ல கூட, 1918ல, மேரிலாந்துல இருக்குற பீரங்கி சோதனத் தளத்துல குண்டு எவ்வளவு தூரம் போகும்னு கணக்குப் போட்டுக் கொடுத்த ஆளு இவரு.

அவரு எடுத்துக்கிட்ட வேல இதுதான். மணிக்கு 400 கிலோமீட்டர்ல போற பிளேன் 20 செக்கன்ல ரெண்டு கிலோமீட்டருக்கு மேல போயிரும். கீழ இருந்து சுடுற பீரங்கிக் குண்டு அந்த உயரத்துக்குப் போய்ச் சேரவே பத்து இருபது செக்கன் எடுக்கும். அப்ப பிளேன் இருக்குற எடத்தப் பாத்து சுட்டா பிரயோசனம் இல்ல, அது இனிமே இருக்கப் போற எடத்தப் பாத்து சுடணும். பைலட்டும் சும்மா நேரா போக மாட்டான், வளைவான், நெளிவான். வீனரும் ஜூலியன் பிகலோங்குற எஞ்சினியரும் யோசிச்சது என்னன்னா, பயந்துபோன மனுசன் நெளியுறதும் ஒரு ஒழுங்குலதான் இருக்கும், அந்த ஒழுங்க புள்ளிவிபரத்தால பிடிச்சிறலாம்னு. அதுக்கு அவங்க லெப்ல செஞ்ச ஏற்பாடுதான் நாங்க ஹட்டன்ல செஞ்சது, சுவத்துல ஓடுற வெளிச்சப் புள்ளி, தாமதமா வேல செய்யுற கைப்பிடி. தொரத்துற புள்ளி பிளேன். தொரத்துற கை பைலட்டோட கை, அதே நேரம் பீரங்கிக்காரனோட கையும் அதுதான்.

இதுல இருந்துதான் ஃபீட்பெக் பத்தின பெரிய சிந்தனை வந்துச்சு. மெஷின் தான் செஞ்சது சரியா தப்பான்னு பாத்து தன்னையே திருத்திக்கிறது, மனுச நரம்பும் அப்படியே, அந்தத் திருத்தம் கூடிப் போனா கை ஆடும். ஆர்துரோ ரோசன்புளூத்னு மெக்சிகோ மருத்துவ விஞ்ஞானிகிட்ட, இப்படி ஆடுற வியாதி உண்டான்னு கேட்டாங்க, உண்டு, சிறுமூளையில அடிபட்டவங்களுக்கு ஒரு பொருள எடுக்கப் போறப்ப கை தாண்டித் தாண்டி ஆடும்னு அவரு சொன்னாரு. மூணு பேரும் சேந்து 1943ல ஒரு கட்டுரை போட்டாங்க. இன்னிக்கி நாம ரோபோன்னு சொல்ற எல்லாத்துக்கும் அடி வேரு அங்கதான் இருக்கு. அந்தப் புள்ளையோட அம்மாயி கையும் பீரங்கியும் ஒரே சமன்பாட்டுல நிக்கிது, அத எழுதி முடிச்சப்ப எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

பீரங்கி வேல என்னாச்சுன்னா, ஒண்ணும் ஆகல. 1942ல வீனர் எழுதுன அறிக்கை மஞ்சள் அட்ட போட்டு ரகசியமா சுத்துச்சு, எஞ்சினியர்மார் அதுக்குப் பட்டப்பேர் வைக்கிற அளவுக்கு கணக்கு கஷ்டம். செஞ்சு பாத்த கருவி பெல் லெப்ஸ்காரங்க, அதான் பெல் டெலிபோன் கம்பனியோட ஆராய்ச்சிக்கூடம், செஞ்ச எளிமையான முறைய விட பெருசா ஒண்ணும் நல்லா இல்ல, போருக்குள்ள செஞ்சு முடிக்கவும் ஏலாதுன்னு நிப்பாட்டிட்டாங்க. 1944ல லண்டனுக்கு வந்த ஜெர்மன் வீ-1 பறக்கும் குண்டுகள்ல நெறையவ விழுத்துனது பெல் லெப்ஸோட கருவியும் ராடாரும் கிட்ட போனதும் தானா வெடிக்கிற ஃபியூசும் சேந்துதான். வீனரோட கருவியால ஒரு பிளேனும் விழல. அப்புறம் எதுக்கு இந்த ஆளுக்கு மனசாட்சி உறுத்தணும்னு ஒரு தம்பி கேட்டான். நல்ல கேள்வி.

நான் போட்ட பொட்டிகள்

இங்க என்னோட கதைய சொல்லிர்றேன். கெம்பஸ்ல நான் வீனர படிச்சது ஒரு ஃபில்டரோட பேராத்தான், சத்தத்துல இருந்து சிக்னல பிரிக்கிற கணக்கு, வீனர் ஃபில்டர், பரீட்சைக்கு வரும், எழுதுனேன், பாஸ். அந்தப் பேருக்குப் பின்னாடி ஒரு மனுசன் இருந்தாருன்னு யாரும் சொல்லல.

2022ல நாடே கவுந்துச்சு. அதுக்கு முந்தின வருசம் இரசாயனப் பசளைய தட பண்ணுனதுல தோட்டத்துல தேயிலக் கொழுந்து விழுந்து போச்சு, ஏப்ரல்ல கடன் கட்ட ஏலாதுன்னு நாடு கைய விரிச்சிருச்சு, கேஸ் இல்ல, பெற்றோல் இல்ல, மார்ச் கடைசியில 13 மணித்தியால கரண்ட் கட். கொழும்பு காலிமுகத்திடல்ல ஏப்ரல் 9ல இருந்து சனங்க கூடாரம் அடிச்சி உக்காந்தாங்க, ஜூலை 9 ஜனாதிபதி மாளிகைக்குள்ள போனாங்க, நாலஞ்சு நாள்ல அந்த ஜனாதிபதி நாட்ட விட்டுப் போய் ராஜினாமாவும் அனுப்பிட்டாரு. ஹட்டன்லயும் ஊர்வலம் போனோம், நானும் போனேன், கத்துனேன். அதே நேரம் ராத்திரி கரண்ட் வந்த உடனே லெப்டொப்ப தொறந்து நான் ஒரு வேல செஞ்சிக்கிட்டு இருந்தேன். வெளிநாட்டு கம்பனி ஒண்ணு, ட்ரோன்ல மேல இருந்து எடுத்த வீடியோ அனுப்புவாங்க, அதுல தெரியிற ஒவ்வொரு மனுசனையும் சுத்தி ஒரு பொட்டி போடணும், பொட்டிக்கு இவ்வளவுன்னு காசு, டொலர்ல. அப்புறம் அடுத்த அஞ்சு செக்கன்ல அந்த ஆளு எங்க இருப்பான்னு மெஷின் சொன்னது சரியான்னு பாத்து திருத்தணும். எதுக்குன்னு யாரும் சொல்லல. நானும் கேக்கல. அம்மா கொழுந்து பறிக்கப் போனா ஒரு நாளைக்கு 1000 ரூபா வர்ற காலம், அதுவும் 2021 மார்ச்ல கெசட் பண்ணி கெடச்சது, நான் ஒரு ராத்திரியில அத விட கூட எடுத்தேன்.

ஒரு வீடியோ இன்னும் கண்ணுக்குள்ள நிக்கிது. காஞ்ச நிலம், மரமே இல்ல, ஒரு பொம்பள ஆளு தலையில இருந்து முதுகுக்கு எதையோ கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு குனிஞ்சி நடக்குறாங்க. மேல இருந்து பாத்தா மொகம் தெரியாது, தலையும் சுமையும் மட்டும்தான். கொழுந்துக் கூடைய தலையில மாட்டிக்கிட்டு மலையில ஏறுற எங்க அம்மா மேல இருந்து பாத்தா அச்சு அசல் அப்படித்தான் இருப்பாங்க. பொட்டி போட்டேன். "சுமை தூக்கும் ஆள்"னு ஒரு வகை இருந்துச்சு, அதத் தெரிவு பண்ணுனேன். அடுத்த வீடியோ வந்துச்சு. அதுக்கும் பொட்டி போட்டேன்.

அந்த வேலைய அன்னிக்கே விட்டேன்னு சொல்லணும்னு ஆசையா இருக்கு, ஆனா விடல, இன்னும் ரெண்டு வாரம் செஞ்சேன், தங்கச்சிக்கு கிளாஸ் காசு கட்ட இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் விட்டேன். அது விவசாயத்துக்கா, வெள்ளத்துல மாட்டுனவங்கள தேடவா, இல்ல வேற எதுக்காவதான்னு எனக்கு இன்னி வரைக்கும் தெரியாது. வீனரத் தேடி நான் படிக்கத் தொடங்குனது அதுக்குப் பிறகுதான். அந்தத் தம்பி கேட்ட கேள்விக்கு என்கிட்ட இருக்குற பதிலும் இதுதான், கருவி ஆள விழுத்துச்சா இல்லையாங்குறது ஒரு பக்கம், சுவத்துல ஓடுற புள்ளிய மனுசன்னு பாக்காம புள்ளின்னே பாத்துப் பழகுன கண்ணு நம்மளோடது, அது நம்மகிட்டயே தங்கிருது.

கடிதம்

1945 ஆகஸ்ட் 6 ஹிரோஷிமா, 9 நாகசாகி. அணுகுண்டு வேலையில வீனருக்கு பங்கு இல்ல. இருந்தும் அந்த ஒக்டோபர்ல ஒரு நண்பருக்கு எழுதுன கடிதத்துல, குண்டு விழுந்ததுல இருந்து தனக்கு மனசாட்சி கடுமையா தாக்குது, தன்னோட போர் வேல தனக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லாத, தான் ஒத்துக்கிடாத ஒரு பெரிய காரியத்துக்குள்ள போய் கலந்துருச்சுங்குற அர்த்தத்துல எழுதியிருக்காரு. விஞ்ஞான வேலையையே விட்டுறலாமான்னு கூட யோசிச்சிருக்காரு.

1946 கடைசியில போயிங் கம்பனியில ஏவுகணை வேல செய்யுற ஒரு விஞ்ஞானி அந்தப் போர்க்கால அறிக்கையில ஒரு பிரதி அனுப்புங்கன்னு கேட்டு எழுதுனாரு. சாதாரணமா விஞ்ஞானிகளுக்குள்ள நடக்குற கொடுக்கல் வாங்கல்தான் அது. வீனர் மாட்டேன்னு எழுதுனாரு, அந்தப் பதில் 1947 ஜனவரி அட்லாண்டிக் மாத இதழ்ல அச்சாகி எல்லாரும் படிச்சாங்க. அவரு சொன்னதோட சாரம் என்னன்னா, அந்த அறிக்கை அரசாங்கத்தோட சொத்து, அவங்ககிட்ட கேளுங்க, வழி இருக்கு, நான் தடுக்கல. ஆனா ஹிரோஷிமா, நாகசாகிக்குப் பிறகு விஞ்ஞானத் தகவலக் கொடுக்குறது தானா ஒரு அப்பாவிச் செயல்னு சொல்ல முடியாது. வழிகாட்டி அனுப்புற ஏவுகணையால வெளிநாட்டு சாதாரண சனங்கள கண்மூடித்தனமா கொல்லத்தான் முடியும், அதுக்கு என் கையால எதுவும் வராது. அதே மாசம் ஹாவார்ட்ல கடற்படையும் சேந்து நடத்துன கணினி மாநாட்டுல பேச ஒத்துக்கிட்டிருந்தாரு, அதுல இருந்தும் வெலகிட்டாரு.

தகவல் அப்பாவி இல்லங்குற வரிய கிளாஸ்ல வாசிச்சப்ப கொஞ்ச நேரம் யாரும் பேசல. நம்ம ஆளுங்களுக்கு இத விளங்கப்படுத்த ஹிரோஷிமா வரைக்கும் போகத் தேவையில்ல. 1983 ஜூலையில கொழும்புல தமிழாளுங்களத் தேடி கும்பல் வீடு வீடா வந்தப்ப கையில வாக்காளர் பட்டியல் இருந்துச்சு. ஓட்டுப் போடுறதுக்காக எழுதுன பட்டியல், ஒழுங்கா நேர்மையா பேர் எழுதிக்கிட்டுப் போன ஒரு கிளார்க்கோட வேல. மலையகத்துலயும் பதுளை, நுவரெலியா டவுன்ல கடைகள எரிச்சாங்க, எங்க பெரியப்பா கொழும்புல கடையில நின்னவரு, அப்ப ஓடி வந்தவரு திரும்பப் போகவே இல்ல. அந்தக் கிளார்க் குற்றவாளியான்னு ஒரு புள்ள கேட்டா. இல்லன்னு சொன்னேன். ஆனா அடுத்த தடவ பட்டியல் கேட்டு வர்றவங்ககிட்ட எதுக்குன்னு கேக்க அவருக்கு இப்ப காரணம் இருக்கு, வீனர் செஞ்சது அதுதான்.

இந்த முடிவால அவருக்கு சும்மா கைதட்டல் மட்டும் கெடைக்கல. பனிப்போர் தொடங்குற நேரம், எதுக்கெடுத்தாலும் கம்யூனிஸ்ட்னு சந்தேகம், அமெரிக்க உளவுப் பொலிஸ் எஃப்.பி.ஐ. அவரு பேர்ல கோப்பு வச்சிருந்துச்சு. 1951ல அவரோட கூட்டாளி, அதே எம்.ஐ.டி.ல கணக்குப் பேராசிரியர் டேர்க் ஸ்ட்ருய்க் மேல அரசாங்கத்தக் கவுக்க சதின்னு வழக்குப் போட்டு வேலைய விட்டு நிறுத்தி வச்சாங்க, வருசக்கணக்கா இழுத்துட்டு கடைசியில வழக்கே தள்ளுபடி ஆயிருச்சு. வீனர் அவருக்காக நின்னாரு.

சரி, இப்ப சிக்கலான எடத்துக்கு வர்றேன். 1946ல தர மாட்டேன்னு சொன்ன அந்தப் போர்க்கால அறிக்கை 1949ல புத்தகமாவே வந்துருச்சு, அவரு பேர்லயே, யாரும் காசு கொடுத்து வாங்கலாம். ஏவுகணைக்காரங்களும் வாங்கியிருப்பாங்க. "அப்ப அந்தக் கடிதம் சும்மாதானே சேர்?"னு கேட்டா நொப்பப் பிடிச்ச அதே தங்கச்சி. ரகசியமா ஒருத்தன் கையில கொடுக்குறதும் எல்லாருக்கும் தொறந்து வைக்கிறதும் வேற வேறன்னு சொல்லலாம், நானும் சொன்னேன், அவ முழுசா ஒத்துக்கல, எனக்கும் அது முழுசா திருப்தி இல்ல. மறுக்குறது மட்டும்னா அது நம்ம கை சுத்தமா இருக்கணும்னு நெனைக்கிறதோட நின்னுருது, குண்டு விழுற எடத்துல இருக்குறவனுக்கு அதால ஒண்ணும் ஆகல. 1949ல வீனர் இன்னொரு கடிதம் எழுதலன்னா நான் இந்த ஆள இவ்வளவு பெருசா எடுத்திருக்கவே மாட்டேன்.

ரெண்டாவது கடிதம்

போர் முடிஞ்சதும் அதே ஃபீட்பெக் கணக்கு பெக்டரிப் பக்கம் வந்துச்சு. குண்ட பிளேன் மேல கொண்டுபோய் வைக்கிற மெஷின் போல்ட்ட கார் மேலயும் வைக்கும். ஒரு பெரிய கம்பனி வீனர்கிட்ட ஆலோசனை கேட்டு வந்துச்சு. மறுத்தாரு, ஆனா இந்தத் தடவ மறுத்துட்டு சும்மா இருக்கல. 1949 ஆகஸ்ட்ல அமெரிக்க கார் தொழிலாளர் சங்கத் தலைவர் வோல்டர் ரூதருக்கு கடிதம் எழுதுனாரு. அவரு சொன்னத நம்ம பாஷையில சொல்றேன். ஆளே இல்லாத பெக்டரிய செய்யிறதுக்கு வழி இப்ப இருக்கு, நான் செஞ்சு கொடுக்கலன்னாலும் இன்னொருத்தன் செய்வான், பத்து இருபது வருசத்துல வந்துரும், போர் வந்தா இன்னும் சீக்கிரம் வரும், இப்ப இருக்குற மாதிரி விட்டா வேல இல்லாத கொடுமைதான் மிஞ்சும். ஒண்ணு, அந்த மெஷின்ல தொழிலாளிக்கு உரிமையும் லாபத்துல பங்கும் கேட்டு வாங்குங்க, இல்லன்னா அத வர விடாதீங்க, நீங்க எத எடுத்தாலும் நான் ஒரு சதமும் வாங்காம உங்க பக்கம் நிப்பேன். அதுக்கு முன்னாடியே சங்கத்துல மேல இருக்குறவங்க ஒண்ணு ரெண்டு பேர்கிட்ட பேசியிருக்காரு, மரியாதையா கேட்டுக்கிட்டாங்க, அவ்வளவுதான். ரூதர் அப்படி இல்ல, தந்தி அடிச்சாரு, ஃபோர்ட் கம்பனியோட பேச்சுவார்த்தை முடிஞ்சதும் பேசணும்னு. 1950ல சந்திச்சாங்க. பெரிய அமைப்பா எதுவும் அதுல இருந்து உருவாகல. அந்த வருசம்தான் சாதாரண வாசகருக்கு எழுதுன புத்தகத்துல, தானியங்கி மெஷின் பொருளாதாரத்துல அடிமை உழைப்புக்கு சமன், அடிமை உழைப்போட போட்டி போடுற எந்த உழைப்பும் அடிமையோட நிலைமையத்தான் ஏத்துக்க வேண்டி வரும்னு எழுதுனாரு.

லயத்துல, அதான் தோட்டத்து வரிச வீட்டுல, பொறந்தவனுக்கு இந்த வரி எப்படி விழும்னு யோசிச்சிப் பாருங்க. கங்காணி கூட்டிக்கிட்டு வந்து, கடன்ல கட்டிப் போட்டு, கோப்பிக்கும் பிறகு தேயிலைக்கும் மலைய வெட்டுன சனம். வீனர் அந்தக் கடிதத்த எழுதுன காலத்துல இங்க என்ன நடந்துச்சுன்னு பாருங்க, 1947 தேர்தல்ல நம்ம ஆளுங்க ஏழு பேர் பாராளுமன்றம் போனாங்க, 1948ல 18ஆம் இலக்க சட்டத்தால குடியுரிமை போச்சு, 1949ல ஓட்டும் போச்சு. அங்க ஒரு விஞ்ஞானி தொழிலாளியத் தேடிப்போய் உங்களுக்கு என்ன வரப்போகுதுன்னு சொல்றாரு, இங்க தொழிலாளிய எண்ணுறதுக்கு கூட பட்டியல்ல எடம் இல்ல.

இப்ப நம்ம மலைக்கும் மெஷின் வருது. கத்திரியில கொழுந்து வெட்டுறது வந்து ரொம்ப நாளாச்சு, ரெண்டு பேர் பிடிச்சிக்கிட்டுப் போற மெஷினும் சரிவு கொறஞ்ச மலைகள்ல ஓடுது, மருந்தடிக்க ட்ரோன் பத்தி பேசுறாங்க. எனக்கு மெஷின் மேல வெறுப்பு இல்ல, எங்க அம்மாவோட கழுத்தும் இடுப்பும் இப்ப இருக்குற நெலமையப் பாத்தா அந்தக் கூட என்னிக்கோ ஒழிஞ்சிருக்கணும்னு தோணும். ஆனா மெஷின் வர்ற விசயம் துரைக்குத் தெரியும், விக்கிறவனுக்குத் தெரியும், அத ஓட்டப் படிச்ச நம்ம புள்ளைக்குத் தெரியும், காலையில வேல பிரிச்சிக் கொடுக்குற பெரட்டுக்களத்துல நிக்கிற பொம்பளைக்குத்தான் கடைசியா தெரியும், அதுவும் உன் பேர் இன்னிக்கி இல்லன்னு சொல்றப்ப. அந்த வரிசைய மாத்துறதுக்கு படிச்ச நம்மளாலதான் முடியும், எங்க வீட்டுக்குள்ளயே ரெண்டு பக்கமும் இருக்கு.

நொப்பப் பிடிச்ச தங்கச்சி பத்தி சொல்லி முடிக்கிறேன். அவளுக்கு ஒரு இடத்துல இருந்து ஒரு சின்ன வேல வந்துச்சு, கொழுந்து நிறுக்குற டிஜிட்டல் தராசு, நிறுத்த உடனே ஆளோட நம்பரும் கிலோவும் போன்ல ஏறணும், யார் எத்தன மணிக்கு எவ்வளவு எடுத்தாங்கன்னு ஆபிஸ்ல கிராஃப் வரணும். கிலோ கொறஞ்சா அரைப்பேர், அதான் அர நாள் சம்பளம்தான்னு எல்லாருக்கும் தெரியும், 2024 செப்டெம்பர்ல நாள் சம்பளம் 1350 ஆச்சு, ஆனா அது முழுப்பேருக்குத்தான். அவ ரொம்ப ஆசையா செஞ்சா, கோட் அழகா எழுதியிருந்தா. வீனர் கிளாஸ் முடிஞ்ச அன்னிக்கி ஒண்ணும் பேசாம போயிட்டா. அடுத்த சனிக்கிழமை வந்து, "அம்மாகிட்ட காட்டுனேன் சேர்"னா.

அம்மா என்ன சொன்னாங்கன்னு கேட்டேன். அவங்க இடுப்புல கட்டுன படங்குச் சாக்கக் கூட அவுக்காம நின்னுக்கிட்டே பாத்தாங்களாம். நல்லா இருக்கு பாப்பான்னு சொல்லிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாங்களாம், "இந்த நம்பரு கணக்கப்பிள்ளை பக்கம் பாத்துக்கிட்டு இருக்கே, எங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவ தராச கழட்டி இன்னொரு டிஸ்பிளே பூட்டிட்டா, கொழுந்து கொண்டாந்து வைக்கிற ஆளோட பக்கம் பாத்த மாதிரி, பெரிய எழுத்துல, மொத்தம் எவ்வளவு, கூடைக்கும் தண்ணிக்கும் கழிச்சது எவ்வளவு, மிச்சம் எவ்வளவுன்னு மூணும் தனித்தனியா தமிழ்ல வரும். வேல கொடுத்தவங்க இத கேக்கல, ஒத்துக்குவாங்களான்னும் தெரியாது, அந்தக் காசு வராமப் போகலாம்னு சொன்னேன், தெரியும் சேர்னா. கொடுக்குறதுக்கு முந்தி ஒரு நாள் சாயந்தரம் லயத்து வாசல்லயே வச்சி சோதிச்சிப் பாத்தோம், நானும் போயிருந்தேன், மழ தூறிக்கிட்டு இருந்துச்சு. அவங்க அம்மா மொதல்ல வெறும் கூடையத் தூக்கி வச்சாங்க. அன்னிக்கி பூரா நனஞ்ச கூட. 1 கிலோ 150 கிராம் காட்டுச்சு. எடுத்துட்டு திரும்ப வச்சாங்க, அதேதான். எங்க மலையில கூடைக்கும் தண்ணிக்கும்னு மூணு கிலோ கழிக்கிறாங்கன்னு எங்களப் பாத்து சொல்லல, தராசப் பாத்துத்தான் மெதுவா சொன்னாங்க. அப்புறம் பக்கத்து காம்பிராவுக்கு கேக்குற மாதிரி சத்தமா கூப்பிட்டாங்க, "அடியே, உன் கூடையயும் எடுத்துக்கிட்டு வா."